ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கட்டைவிரல்

திருப்பதியில் மொட்டைத் தலையைப் பார்த்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. லட்டு எங்கே என்றுதான் கேட்பார்கள். இருபது வருஷமாக நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது மொட்டைத் தலை எதிரே வந்தால் வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறேன். திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பயம், அவ்வளவுதான்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் மூன்றாவது மாடிக்கு நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மலைக்குப் போகிறவர்கள் வந்து தங்குவார்கள், தரிசனம் முடிந்ததும் காலி செய்வார்கள். அவர்கள் போனதும் அறையைக் கழுவித் துடைத்து, விரிப்பு மாற்றி, அடுத்த குடும்பத்துக்குத் தயாராக்க வேண்டும். அதற்கு எனக்குக் கீழே ஏழு பேர். எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையில் விஜயபுரம் பக்கம். என் அப்பனும் அவர் அப்பனும் அடுத்தவன் நிலத்தில் கடலைக்காய் பிடுங்கியவர்கள். எங்கள் வீட்டில் ஒருவனுக்குக் கீழே ஏழு பேர் என்பது அதுவரை நடக்காத விஷயம். அது எனக்குத் தலைக்கேறிவிட்டது என்று என் மனைவியே சொல்லுவாள். சரியாகத்தான் சொன்னாள்.

போன வருஷம் பெங்களூரிலிருந்து புது மேனேஜர் வந்தார். வந்த வாரமே ஒரே அறையை ரெண்டு குடும்பத்துக்குக் கொடுத்து ரிசப்ஷனில் பெரிய ரகளை. மேனேஜர் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்து, இந்த ஹோட்டலில் ஒருத்தர் செய்வது இன்னொருத்தருக்குத் தெரியவில்லை, கம்யூனிகேஷனே கிடையாது என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மாறி மாறித் திட்டினார். அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார். இனிமேல் வாய்ச்சொல் கிடையாது, போன் கிடையாது. அறை காலியானாலும் சரி, குழாய் ஒழுகினாலும் சரி, லீவு வேண்டுமானாலும் சரி, எல்லாமே வாட்ஸாப் குரூப்பில். குரூப்பில் எது வந்தாலும் பார்த்தாச்சு என்று ஐந்து நிமிடத்துக்குள் எல்லாரும் கட்டைவிரல் போட வேண்டும். போடாதவன் பெயரை மறுநாள் காலை மீட்டிங்கில் வாசிப்பார். அவன் தனியாக வந்து முன்னால் நிற்க வேண்டும்.

நான் ரெண்டு தரம் நின்றேன். என் ஏழு பேருக்கு முன்னால், ஹோம்வொர்க் எழுதாத பையன் மாதிரி. அதில் ரெண்டு பேர் பல்லை இளித்ததை இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் என் கட்டைவிரல் நன்றாகப் பழகிவிட்டது. போன் டிங் என்றால் போதும். பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் போட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு இருநூறு மெசேஜ் வரும், அதில் பாதி சாமி படமும் குட்மார்னிங்கும். படித்துவிட்டுப் போட எவனுக்கு நேரம் இருக்கிறது? மாசக் கடைசியில் மேனேஜர் கணக்கெடுத்துப் பார்த்து எங்கள் மாடிதான் நூற்றுக்கு நூறு என்று கை தட்ட வைத்தார்.

என் ஏழு பேரில் ஒருவன் சித்தூர் பக்கம் கங்காதர நெல்லூர் என்ற ஊர்க்காரன். முப்பது வயசு. வேலையில் மன்னன். அவன் விரித்த விரிப்பில் ஒரு மடிப்பு இருக்காது. ரெண்டு வருஷமாக ட்ரெய்னியாகவே இருந்தான். பர்மனென்ட் ஆனால் ஹோட்டலுக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸில் ஒரு ரூம் கொடுப்பார்கள். பெண்டாட்டி, பிள்ளையைக் கூட்டி வரலாம். அதைவிட முக்கியம், அவன் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. இங்கே கூட்டி வந்து வைத்துக்கொண்டால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று தினமும் சொல்லுவான்.

"அண்ணா, ஷீட்டு எப்போண்ணா மேல போவுது?"

"போவும்டா. ஏன் பறக்கற?"

"இல்லண்ணா, நைனா மூச்சு வாங்கிக்கினே கீறாரு. அதான்."

ஷீட் என்றால் ஒவ்வொரு ட்ரெய்னியைப் பற்றியும் சூப்பர்வைசர் எழுதித் தரும் காகிதம். அதில் தகவல் சொல்லாமல் லீவு எடுத்தானா என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே 'ஆமாம்' என்று விழுந்தால் ஆளைத் தூக்கிவிடுவார்கள், மறு பேச்சு கிடையாது. அது அவனுக்குத் தெரியும். ரெண்டு வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட ஒரு நாள் லீவு போட்டதில்லை அவன்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் வரவில்லை. அன்றைக்கு மாடியில் அத்தனை அறையும் காலியாகிற நாள். எனக்குத் தலை வெடித்தது. பழைய பழக்கத்தில் லீவு லெட்டர் ஃபைலைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. குரூப்பைத் திறந்து தேட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கோபத்தோடு ஷீட்டை எடுத்து, அந்தக் கட்டத்தில் 'ஆமாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே ஆபீஸில் கொடுத்துவிட்டேன். எழுதும்போது ஒரு திருப்தி இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. விரிப்பு ஒழுங்காக விரிக்கிறான் என்று மேனேஜர் அவனைத்தான் புகழுவார், என்னை அல்ல.

ஐந்தாம் நாள் காலையில் வந்தான். தலை மொட்டை, மீசையும் இல்லை. முகம் வாடிக் கிடந்தது.

"அடேங்கப்பா! சாமி தரிசனம் ஆச்சா? லட்டு எங்கடா?" என்றேன்.

மற்றவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவன் அவன் தலையைத் தடவி, "சந்தனம்கூடப் பூசல, கஞ்சப் பையன்" என்றான். இன்னொருவன், பர்மனென்ட் ஆகணும் என்று வேண்டிக்கொண்டு போய் முடி கொடுத்திருக்கிறான் என்றான். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

"டேய், கையெழுத்து போடறது மேல கீறவரு இல்லடா, நான்தான். எனக்கில்ல நீ மொட்டை போட்டிருக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, குரூப்ல போட்டிருந்தேனே..."

"பாத்தேன் பாத்தேன். கட்டைவிரல் போட்டேன்ல? மொதல்ல லட்டு எடு. நாளைக்கு லட்டு இல்லாம மாடி ஏறக்கூடாது, சொல்லிட்டேன்."

எதைப் பார்த்தேன்? ஒன்றும் பார்க்கவில்லை. குரூப் என்ற சொல் காதில் விழுந்தாலே 'பார்த்தேன்' என்று வாய் சொல்லும், அவ்வளவு பழக்கம்.  அவன் "சரிண்ணா" என்று சொல்லி பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவரில் நாலு லட்டு கொண்டு வந்தான். கவரின் கைப்பிடியை ரெண்டு விரலால் பிடித்தபடி, உள்ளே கை வைக்காமல் என் மேஜைமேல் வைத்தான். நாங்கள் பிட்டுத் தின்றோம். அவன் சுவரோரமாக நின்றான்.

"நீயும் துன்னுடா."

"வேணாண்ணா."

"ஏன், சுகரா? உன் வேண்டுதல் லட்டை நீயே துன்னாட்டி எப்படிடா?"

"வேணாண்ணா, சொன்னா கேளுங்கண்ணா."

கெஞ்சுகிறான் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் குஷியாகிவிட்டது. எழுந்துபோய் தாடையைப் பிடித்து ஒரு துண்டை வாயில் திணித்தேன். முகத்தை ஒரு பக்கம் திருப்பினான். மற்றவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாயில் போனது. அவன் மெல்லவில்லை, விழுங்கவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, விரிப்பு அடுக்கி வைக்கும் லினன் ரூம் பக்கம் ஓடினான். பத்தியம் இருக்கிறான் போலிருக்கிறது என்று ஒருவன் சொல்ல, இன்னொரு தரம் சிரித்தோம். ஒருவனுக்காவது உறைத்திருக்க வேண்டாமா? சந்தனம் இல்லை, நெற்றியில் நாமம் இல்லை, பிரசாதத்தைத் தொட மாட்டேன் என்கிறான். எங்கள் எல்லை கிராமங்களில் பத்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது எந்த வீடு என்று.

அதற்கடுத்த வாரம் கம்யூனிகேஷனை இன்னும் வளர்க்க வேண்டும் என்று மேனேஜர் சென்னையிலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தார். மாடியில் கல்யாண ஹாலில் அரை நாள் ட்ரெயினிங். ரெண்டு ரெண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்தார்கள். எனக்கு எதிரே அவன். எதிரே இருப்பவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த மூன்று விஷயத்தை எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா. கூட வேலை செய்பவரை நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்று பார்ப்பதற்காம்.

எனக்கு மேடை என்றால் கேட்கவா வேண்டும். எழுந்து நின்றேன்.

"இவன் கங்காதர நெல்லூர். வேலையில கெட்டி. ரெண்டாவது, பர்மனென்ட் ஆகணும்னு மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கினு வந்து எங்களுக்கெல்லாம் லட்டு குடுத்தான்." ஹாலில் சிரிப்பு. "மூணாவது, இவங்க நைனாவுக்கு உடம்பு சரியில்ல. பர்மனென்ட் ஆனதும் இங்க கூட்டியாந்து பெரிய ஆஸ்பத்திரியில காட்டப்போறான். நாங்க எல்லாருமா சேந்து பாத்துக்குவோம்."

பலமாகக் கை தட்டினார்கள். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சூப்பர்வைசர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். பிறகு அவனிடம் திரும்பி, "சார் சொன்னதெல்லாம் சரியா?" என்று கேட்டார்.

அவன் எழுந்தான். கை தட்டல் அடங்கும்வரை நின்றான்.

"கரெக்ட் மேடம்."

அடுத்தது அவன் முறை. தலையைக் குனிந்தபடி சொன்னான். அண்ணாவுக்கு வலது முட்டி வலி, அதனால் துணி வண்டியை அவர் தள்ள விடக்கூடாது. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை உண்டு, கூட்டம் அதிகமான நாளில் மறந்துவிடுவார். மூணாவது, அண்ணா பொண்ணு ரெண்டு தரம் நர்ஸிங் சீட்டுக்கு எழுதிப் போட்டும் கிடைக்கவில்லை, அந்த நாளில் அவர் கோபமாக இருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இதற்கும் கை தட்டினார்கள். பெண் விஷயத்தை இவனிடம் யார் சொன்னது என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான் வந்தது. அந்த வருஷத்தின் சிறந்த கம்யூனிகேட்டர் என்ற சர்டிஃபிகேட்டுக்கு என் பெயரை மேனேஜர் அங்கேயே சொன்னார்.

ரெண்டு நாள் கழித்து எங்கள் சலவைக்கார அக்கா லீவு முடிந்து வந்தாள். மகள் பிரசவத்துக்காக ஒரு மாசமாகச் சித்தூரில் இருந்தவள். பட்டன் போன் வைத்திருப்பதால் குரூப்பில் கிடையாது. அவன் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. வந்ததும் வராததுமாக என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஏம்பா, அந்தப் புள்ள நைனா செத்து பதினாறுகூட ஆவல. நீங்கல்லாம் சேந்து அவங்கிட்ட லட்டு வாங்கித் துன்னீங்களாமே?"

"யாரு செத்தது?"

"இன்னாது, யாரு செத்ததா?" அக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "கொள்ளி வெச்சிட்டு மொட்டத் தலையோட நின்னான்யா. பதினாறு வரைக்கும் இருடான்னு ஊரே சொல்லிச்சி. வேல பூடும்னு நாலாம் நாளே பஸ் ஏறிட்டான். தீட்டுக்காரன் வாயில பிரசாதத்தத் திணிச்சியாமே, நீ மனுசனாய்யா?"

அவள் போனதும் குரூப்பைத் திறந்து அந்தத் தேதிக்குப் போனேன். அறுபது எழுபது சாமி படத்துக்கு நடுவில் விடியற்காலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ் கிடந்தது. முப்பத்தோரு நொடி. லினன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"அண்ணா... நைனா பூட்டாருண்ணா. இப்பத்தான். இப்ப எழுத வரல, அதான் பேசறேன். காரியம் முடிச்சிட்டு சீக்கிரமா வந்துடறேன். போன் பண்ணக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க, அதான் இதுல சொல்றேன். மேல மட்டும் நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்கண்ணா. ஷீட்டுல ஏதும்..." பின்னால் பெண்கள் அழும் சத்தம். மெசேஜ் அங்கேயே நின்றுவிட்டது.

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். முதலாவது என்னுடையது, அவன் அனுப்பிய அதே நிமிடத்தில். அதற்கும் கீழே அவன் பதில்: தேங்க்ஸ்ணா.

நேரே மேனேஜர் ரூமுக்குப் போனேன். அதுவரை நான் செய்ததில் அது ஒன்றுதான் உருப்படி. ஷீட்டில் தப்பாக எழுதிவிட்டேன், அவன் தகவல் கொடுத்திருக்கிறான் என்றேன். அவர் தன் போனை எடுத்து மெசேஜைப் பார்த்தார். கட்டைவிரல்களையும் பார்த்தார். வாய்ஸைக் கேட்கவில்லை.

"நீங்க அக்னாலெட்ஜ் செய்திருக்கீங்க இல்லையா? அப்போ தகவல் உங்களுக்கு வந்தது. வந்த பிறகும் வரலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்னு எழுதிக் கொடுங்க. பர்மனென்ட் லிஸ்ட் நாலு மணிக்கு ஹெட் ஆபீஸ் போகுது. அதுக்குள்ள கொடுத்தா அவன் பேரைச் சேர்த்துடறேன். உங்களுக்கு ஒரு மெமோ வரும், அது வேற விஷயம். சர்டிஃபிகேட்டையும் நிறுத்த வேண்டியிருக்கும்."

மணி பன்னிரண்டரை. மூன்றரை மணி நேரம் இருந்தது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். 'கேட்காமலேயே கட்டைவிரல் போட்டுவிட்டேன்' என்று ஒரே ஒரு வரிதான் எழுத வேண்டும். எழுதினேன். எழுதியதைப் படித்தேன். காலை மீட்டிங்கில் அதை வாசிப்பார், நான் முன்னால் நிற்பேன், அந்த ரெண்டு பேரும் பல் இளிப்பார்கள் என்று நினைத்தேன். கிழித்துப் போட்டேன். இன்னொரு தாள் எடுத்தேன். அதையும் கிழித்தேன். ஒரு மணிக்கு அவன் வந்து, "அண்ணா, மாத்திர போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அப்போதும் எழுதவில்லை. பெற்றவனைப் பறிகொடுத்தவன் ஒரு பக்கம், என் சூப்பர்வைசர் சட்டை ஒரு பக்கம். சட்டையைத்தான் பிடித்துக்கொண்டேன். நாலு மணிக்குக் கீழே கூப்பிட்டார்கள். சர்டிஃபிகேட்டைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாசக் கடைசியில் வேலையை விட்டு நிறுத்துகிறோம் என்று அவனுக்கு லெட்டர் வந்தது. கடைசி நாளில்கூட ஷிப்ட் முடியும்வரை வேலை பார்த்தான். தலையில் கொஞ்சம் முடி முளைத்திருந்தது. சாவிக்கொத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, ஒப்படைக்க வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"முந்நூத்தி நாலுல கொழாய் ஒழுவுதுண்ணா, ரெண்டு தரம் குரூப்ல போட்டேன், யாரும் வரல. முந்நூத்திப் பதினொண்ணுல ஒரு வயசான அம்மா தனியாக் கீறாங்க, எட்டு மணிக்கு முன்னாடி கதவத் தட்டாதீங்க, பயந்துக்குவாங்க."

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஏன்டா, அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா இன்னாடா? லட்டு கேக்கும்போதே நைனா செத்துட்டார்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லவேண்டியதுதானே?"

"சொல்லித்தான கீறேன்ணா. நீங்களும் பாத்தேன்னு சொன்னீங்க. தெரிஞ்சேதான் லட்டு கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சே எவனாவது கேப்பானாடா?"

"ஷீட்டு உங்க கையில இருந்திச்சே. கேட்டா குடுக்கணும்னு நெனச்சேன். முந்நூத்தி ஒம்போதுல செக் அவுட் பண்ண குடும்பத்துக்கிட்ட கெஞ்சி வாங்கியாந்தேன்." பையின் ஜிப்பை இழுத்து மூடினான். "ட்ரெயினிங்ல நைனாவக் கூட்டியாந்து காட்டப்போறான்னு சொன்னீங்களே, அன்னிக்கித்தான் உங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு தெரிஞ்சிது."

"அப்பவாவது சொல்லக்கூடாதா?"

"எல்லாரும் உங்களுக்குக் கை தட்டிக்கினு இருந்தாங்கண்ணா. அந்த எடத்துல எப்படி உங்கள..."

 பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான்.

"சலவ அக்கா உங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாங்க. தெரிஞ்சப்புறம் நீங்க மேல போய் எனக்காகப் பேசியிருப்பீங்க. அது எனக்குத் தெரியும்ணா. அவங்கதான் கேட்டிருக்க மாட்டாங்க. இல்லண்ணா?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் சுவரில் என் சர்டிஃபிகேட் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"பேசனேன்டா," என்றேன். "கேக்கல அவங்க."

"தேங்க்ஸ்ணா" என்றான்.

சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியில் வேகமாக இறங்கிப் போனான். முந்நூற்று நாலுக்கு அன்றைக்குக் குழாய்க்காரனை அனுப்பினேனா இல்லையா என்று எனக்கு இப்போது நினைவில்லை.